வாசல் விளக்கின் உருவம் யாருக்குச் சொந்தம்?

இரவு ஒன்பதரை மணிக்குக் கடையைச் சாத்தி, ஷட்டரை இறக்கிப் பூட்டு மாட்டக் குனிகிறோம். தலைக்கு மேலே விளக்கு தானாக எரிகிறது. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக் கிளம்பினால், சிறிது நேரத்தில் அது தானாக அணைந்துவிடுகிறது. ஆள் அசைந்தால் எரிந்து, அசைவு நின்றால் அணையும் இந்தச் சென்சார் விளக்கு ஒரு காலத்தில் பெரிய பங்களாக்களின் வாசலில் மட்டும் இருந்தது. இன்று மளிகைக் கடை, அரிசி மண்டி, கிட்டங்கிச் சந்து என்று எங்கும் வந்துவிட்டது.

நம் உறுப்பினர்கள் இதை வாங்கி மாட்டுகிறவர்கள் மட்டும் அல்லர், விற்கிறவர்களும்கூட. தீப்பெட்டி, ஊதுவத்தி, பாட்டரி செல் அடுக்கியிருந்த முன் தட்டில் இன்று எல்.இ.டி. பல்பும் சென்சார் விளக்கும் சேர்ந்து தொங்குகின்றன. எலக்ட்ரிகல் கடை தூரத்தில் இருக்கும் ஊர்களில் மளிகைக் கடைதானே எல்லாக் கடையும்! இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், பருப்பையும் புளியையும் பார்த்து வாங்கப் பழகிய நம் கண்ணுக்கு இந்தச் சரக்கில் எதைப் பார்க்க வேண்டும் என்பது இன்னும் பழகவில்லை.

அதனால் ஒருவருக்கு ஏற்பட்ட சங்கடத்தை இங்கே சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். வேனில் சரக்கு கொண்டு வந்த ஒருவரிடம் அவர் இரண்டு டஜன் சென்சார் விளக்கு வாங்கினார். பழைய லாந்தர் போன்ற அழகான கூண்டு, வளைந்த தாங்கி, பூ வேலை செய்த பின்தட்டு. விலையும் குறைவு. கடை வாசலில் நாலைந்தைத் தொங்கவிட்டார். ஒன்பது விளக்கு விற்றது. பிறகு ஒரு நாள் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கடை வாசலின் புகைப்படமும் அதனுடன் இருந்தது. அந்த விளக்கின் உருவம் தங்கள் கட்சிக்காரர் பதிவு செய்த டிசைன் என்றும், விற்பனையை உடனே நிறுத்தி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

வேன்காரரின் செல்போன் அணைக்கப்பட்டிருந்தது. கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் "லைட் 24" என்றும் ஒரு தொகையும் மட்டும் எழுதியிருந்தன. நண்பர் பயந்துபோய், கேட்ட தொகையில் பாதியைக் கொடுத்து, நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதன் பிறகுதான் சங்கத்துக்கு வந்தார். தாளை வாங்கிப் படித்தோம். "பதிவு பெற்ற டிசைன் என்று தெரிந்தே விற்றேன்" என்று அதில் எழுதியிருந்தது. அவருக்கோ அப்படி ஒரு பதிவு உண்டு என்பதே அன்றுவரை தெரியாது!

தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதிக் கொடுத்ததுதான் அவருக்கு ஏற்பட்ட பெரிய நஷ்டம். ஏன் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

உருவத்துக்கும் ஒரு பதிவு

கடைப் பெயருக்கும் பாக்கெட்டில் அச்சிடும் முத்திரைக்கும் டிரேட் மார்க் உண்டு என்பது நமக்குத் தெரியும். புதிதாகக் கண்டுபிடித்த செய்முறைக்குப் பேட்டன்ட் உண்டு என்பதும் தெரியும். இவை இரண்டிலும் சேராமல், ஒரு பொருளின் தோற்றத்துக்கு மட்டும் கிடைக்கும் உரிமை ஒன்று உண்டு. அதுதான் டிசைன் பதிவு.

இது நேற்று வந்த புதுமை அன்று. 1787-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லினன், காலிகோ, மஸ்லின் துணிகளில் அச்சிடும் புதிய சித்திரங்களுக்கு இரண்டு மாதம் பாதுகாப்புக் கொடுத்துச் சட்டம் செய்தார்கள். காலிகோ என்ற பெயரே நம் கோழிக்கோட்டிலிருந்து போனது. துணி வியாபாரிகளின் சண்டையில் பிறந்த சட்டம் இது என்று சொன்னாலும் தகும். இந்தியாவில் 1872-இல் ஒரு சட்டமும் 1911-இல் மற்றொன்றும் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டம். அது 2001 மே 11 முதல் அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின்படி டிசைன் என்பது பொருளின் உருவம், அமைப்பு, கோலம், அலங்காரம், கோடுகளும் வண்ணங்களும் சேர்ந்த சேர்க்கை ஆகியவை. இவற்றைக் கண்ணால் பார்த்து மட்டுமே மதிப்பிட வேண்டும் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. பொருள் எப்படி வேலை செய்கிறது, உள்ளே என்ன இயந்திரம் என்பது இதில் சேராது. பதிவு முதலில் 10 ஆண்டுகள். காலம் முடியும் முன் விண்ணப்பித்தால் மேலும் 5 ஆண்டுகள். ஆக மொத்தம் 15 ஆண்டுகளுக்குப் பின் அந்த உருவம் எல்லோருக்கும் பொது.

அமெரிக்காவிலும் இதே வகை உரிமை உண்டு. அங்கே அதை டிசைன் பேட்டன்ட் என்கிறார்கள். சென்சார் பாதுகாப்பு விளக்குகளுக்கே அப்படிப் பல பெற்றிருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தில் எழுத்து மிகக் குறைவு, படங்கள்தான் அதிகம். முன்பக்கம், பின்பக்கம், மேல், கீழ், இரு பக்கவாட்டு என்று விளக்கை வரைந்து, "படத்தில் காட்டிய அலங்கார வடிவமே எமது உரிமை" என்ற பொருளில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கும். உரிமை கோராத பாகத்தைப் புள்ளிக் கோட்டில் வரைவார்கள்.

இரண்டு உருவம் ஒன்றா, வேறா என்று எப்படி முடிவு செய்வது? 1870-களின் தொடக்கத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வெள்ளிக் கரண்டியின் கைப்பிடி அலங்காரம் பற்றி ஒரு வழக்கு வந்தது. அந்தத் தொழில் நிபுணர்களின் கண்ணை அளவுகோலாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் சாதாரணமாகப் பொருள் வாங்க வருபவர் எவ்வளவு கவனத்துடன் பார்ப்பாரோ அவ்வளவு கவனத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றி, ஒன்றை மற்றொன்று என்று எண்ணி வாங்க நேருமானால் அது நகல்தான் என்றது. கல்லாவுக்கு முன் நிற்கும் வாடிக்கையாளரின் கண்ணைத்தான் அந்த நீதிபதிகள் அளவுகோலாகக் கொண்டார்கள். அந்தக் கண்ணை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

எது பொது, எது தனி

சென்சார் விளக்கு என்றாலே எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது, இதில் யாருக்கு என்ன தனி உரிமை என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விடை தெரிய வேண்டுமானால் விளக்கின் உள்ளே சற்றுப் பார்க்க வேண்டும்.

மனித உடல் எப்போதும் வெப்பக் கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அது. விளக்கில் உள்ள சிறு சென்சார் தானாக எதையும் வீசுவதில்லை. தன்மேல் விழும் வெப்பத்தில் மாற்றம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதன் முன்னால் பால் நிறத்தில், கட்டம் கட்டமாக வரி போட்ட ஒரு குமிழ் இருக்கிறதே, அது வெறும் மூடி அன்று. அது ஒரு லென்ஸ். எதிரே உள்ள இடத்தைப் பல துண்டுகளாகப் பிரித்துச் சென்சாருக்குக் காட்டுவது அதன் வேலை. ஆள் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும்போது வெப்பம் ஏறி இறங்கும், விளக்கு எரியும். ஆகவேதான் நேரே விளக்கை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது சீக்கிரம் கண்டுபிடிக்கிறது.

இந்த லென்ஸ் பெரும்பாலும் மெல்லிய பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகிறது. சாதாரணக் கண்ணாடி நமக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் உடல் வெப்பக் கதிரை ஊடே விடாது. எனவே எந்தக் கம்பெனி செய்தாலும் அந்தப் பால் நிறக் குமிழ் வெளியே தெரிந்தே ஆக வேண்டும். அது கீழ்நோக்கிப் பார்த்தாக வேண்டும். தலையைத் திருப்ப வசதி வேண்டும், நேரத்தையும் வெளிச்ச அளவையும் வைக்கத் திருகு வேண்டும். இவை வேலைக்காக வந்த உருவங்கள். இவற்றை யாரும் தனக்கே சொந்தம் என்று பதிந்துகொள்ள முடியாது. இரண்டு விளக்குத் தலையும் நடுவில் கீழே ஒரு சென்சாருமாக உள்ள சாதாரண வடிவம் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது. அதுவும் பொதுச் சொத்தே.

மீதி எது? கூண்டின் வடிவம், மேல்தொப்பியின் வளைவு, தாங்கியின் நெளிவு, பின்தட்டில் உள்ள கோலம், குமிழைச் சுற்றி ஓடும் விளிம்பு. இவற்றை வேறு எப்படிச் செய்தாலும் விளக்கு எரியும். அப்படியிருக்க ஒருவர் யோசித்து இப்படித்தான் என்று செய்தாரே, அந்த யோசனைதான் பதிவாகிறது. நாம் மேலே சொன்ன நண்பரின் கடையில் தொங்கியதில் சென்சாரும் லென்ஸும் யாருக்கும் சொந்தம் அல்ல. அந்த லாந்தர் கூண்டும் பூத்தட்டும்தான் தகராறு.

கலரை மாற்றினால் போதும், பெட்டியில் வேறு பெயர் அச்சடித்தால் போதும் என்று சொல்லிச் சரக்கைத் தள்ளுகிறவர்கள் உண்டு. அது போதாது. சட்டம் அப்பட்டமான நகலை மட்டும் சொல்லவில்லை, பார்த்தவுடன் தெரியும் சாயலையும் சேர்த்தே சொல்கிறது. "நாங்களும் பதிவு வைத்திருக்கிறோம்" என்று சப்ளையர் ஒரு தாளைக் காட்டினாலும் முழு நிம்மதி கூடாது. துணி துவைக்கும் இயந்திரத்தின் உருவம் பற்றி வேர்ல்பூல், வீடியோகான் கம்பெனிகளுக்கிடையே நடந்த வழக்கில், எதிராளியிடமும் ஒரு பதிவு இருக்கிறது என்பதால் மட்டும் வழக்குத் தடைபடாது என்று 2014-இல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நகலில் குறைவது எது

இதெல்லாம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் உள்ள வழக்கு, நம் வாடிக்கையாளருக்கு மலிவாகக் கிடைத்தால் நல்லதுதானே என்று எண்ணலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவர்களே. விற்ற சரக்கு திரும்பி வந்தபோதுதான் எண்ணம் மாறிற்று.

நகல் எடுப்பவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே நகல் எடுக்கிறார். கூண்டு அச்சாக வந்துவிடும், பூவும் வந்துவிடும். மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் மூடியின் அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் வராது. அழகுக்காக லென்ஸின் மேலேயே ஒரு கண்ணாடித் தகட்டைப் பொருத்திய விளக்கையும் நாம் பார்த்திருக்கிறோம். பார்க்க வெகு நேர்த்தி, ஆனால் ஆள் முன்னால் நின்று கை ஆட்டினாலும் எரியாது. இன்னொன்றில் வெளிச்சத்தை உணரும் பாகமே இல்லை, பட்டப்பகலிலும் மாடு போனால் எரிந்தது.

இன்னும் ஒன்று. வெப்ப வேறுபாட்டைப் பார்த்துத்தான் சென்சார் வேலை செய்கிறது என்றோம். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் சுவரும் தரையும் இரவிலும் சுட்டுக்கொண்டே இருக்கும். மனித உடம்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்ப வேறுபாடு குறைந்துவிடும். நல்ல விளக்கிலேயே அப்போது பார்வைத் தூரம் குறையும். மட்டமான சென்சார் என்றால் கேட்கவே வேண்டாம். கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் பாதுகாப்புக்கு என்று வாங்கி மாட்டுவதும் அதே நாட்களில்தான். கூண்டின் அழகை நம்பி வாங்கியவர் வீட்டில் ஒன்று நடந்துவிட்டால், அவர் தேடி வருவது கம்பெனியை அல்ல, நம் கடையைத்தான்.

அலங்காரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வாசல் என்பது லட்சுமி வரும் இடம். கோலம் போடுகிற வாசலில் ஒரு தகர டப்பாவை மாட்ட யாருக்கும் மனம் வராது. அழகாக இருந்தால்தான் விளக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டுவார்கள். இல்லாவிட்டால் மூலையில் ஒளித்து மாட்டுவார்கள், அங்கே அது யாரையும் காணாது. சென்சாரின் கண்ணை மறைக்காமல் அழகைச் சேர்க்கத் தெரிந்தவர்தான் நல்ல விளக்குச் செய்பவர். அந்தத் திறமைக்குச் சட்டம் ஒரு பாதுகாப்புக் கொடுத்தால் அதை நாம் குறை சொல்ல முடியாது. நம் சொந்த மசாலாப் பொடியின் டப்பாவைப் போலவே ஒருவன் டப்பா செய்து பக்கத்துத் தெருவில் விற்றால் நாம் சும்மா இருப்போமா?

நோட்டீஸ் வந்தால்

இனி நண்பர் கையெழுத்திட்ட விஷயத்துக்கு வருவோம். பதிவு பெற்ற டிசைனை அனுமதி இல்லாமல் பொருளில் அமைப்பவர், விற்பனைக்காக இறக்குமதி செய்பவர், கடையில் விற்பனைக்கு வைப்பவர் ஆகியோரைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு தனித்தனியே சொல்கிறது. கடையில் வைப்பவரைச் சொல்லும் இடத்தில் மட்டும் "தெரிந்தே" என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. அதாவது, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் செய்தது என்று அறிந்து விற்பனைக்கு வைத்தால்தான் அந்த இடம் பொருந்தும். சில்லறைக் கடைக்காரருக்குச் சட்டம் கொடுத்த ஒரே குடை அந்தச் சொல்தான். அதைத்தான் நண்பர் தன் கையாலேயே மடக்கிக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு காவலும் உண்டு. உரிமையாளர் விற்கும் பொருளில் பதிவு செய்யப்பட்டது என்ற குறிப்பும் பதிவு எண்ணும் போட வேண்டும் என்று 15-ஆவது பிரிவும் விதிகளும் சொல்கின்றன. "ரெஜிஸ்டர்டு", "ரெஜிடி.", "ஆர்.டி." இவற்றில் ஒன்று இருக்கும். அதைப் போடாமல் விட்டவர் நஷ்ட ஈடு பெறுவது கடினம். ஆனால் தகுந்த ஏற்பாடு எல்லாம் செய்தேன் என்று அவர் காட்டினாலோ, எதிராளிக்கு முன்பே தெரியும் அல்லது நோட்டீஸ் கிடைத்திருந்தது என்று காட்டினாலோ நிலைமை வேறு.

ஆகவே நோட்டீஸ் வரும் நாள் மிக முக்கியமான நாள். அதற்கு முன் விற்றது ஒரு கணக்கு, பின் விற்பது வேறு கணக்கு. நோட்டீஸைக் கல்லாப் பெட்டியில் போட்டுவிட்டு மீதிச் சரக்கைத் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர், "தெரியாது" என்று சொல்லும் வாய்ப்பைத் தானே அடைத்துக்கொள்கிறார். சரக்கை இறக்கித் தனியே வையுங்கள். எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள். ஒரு வக்கீலைக் கொண்டு, பதிவு பற்றி முன்பு தெரியாது, விற்பனையை நிறுத்திவிட்டோம், பதிவு எண்ணையும் படத்தையும் அனுப்புங்கள் என்று பதில் எழுதுங்கள். சங்கத்துக்கு வராமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அளவுக்கு மீறிப் பயப்படவும் வேண்டாம். டிசைன் மீறல் சிவில் வழக்கு, இதற்காகப் போலீஸ் வந்து கடையைப் பூட்டாது. (கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் சேர்த்துப் போலியாகப் போட்டிருந்தால் அது டிரேட் மார்க் சட்டத்தில் குற்றம், அங்கே கதை வேறு.) ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய்க்கு மேற்படாத தொகை, ஒரு டிசைனுக்கு மொத்தத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் ஒரு வழியை வைத்திருக்கிறது. இதற்குப் பதிலாக உரிமையாளர் நஷ்ட ஈட்டுக்கும் தடை உத்தரவுக்கும் வழக்குப் போடலாம். அந்த வழியில் இந்த உச்சவரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழான கோர்ட்டில் அந்த வழக்கைப் போட முடியாது.

நோட்டீஸ் அனுப்பியவரின் பதிவே செல்லுமா என்றும் பார்க்க வேண்டும். பதிவுக்கு முன்பே இந்தியாவிலோ வேறு எந்த நாட்டிலோ வெளியாகிவிட்ட உருவத்தைப் பதிவு செய்ய முடியாது. பதிந்திருந்தாலும் 19-ஆவது பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம், அதே காரணத்தைக் கோர்ட்டில் எதிர்வாதமாகவும் சொல்லலாம். வெளிநாட்டு விலைப்பட்டியலில் படத்துடன் முன்பே வந்த லாந்தர் விளக்கை இறக்குமதி செய்து, தானே வரைந்ததுபோல் பதிந்துகொண்டு ஊரெல்லாம் நோட்டீஸ் அனுப்பினால் அது நிலைக்காது. பழைய விலைப்பட்டியல்களைத் தேதியுடன் பத்திரமாக வைத்திருப்பது இப்படிப்பட்ட வேளையில் உதவும்.

நம் பக்கத்து நியாயம்

உருவத்துக்கு உரிமை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த உரிமை நிறைவேற்றப்படும் முறையில் நமக்கு மனக்குறை உண்டு. அச்சு வார்த்தவரும் மொத்தமாக இறக்குமதி செய்தவரும் கண்ணில் படுவதில்லை. வாசலில் தொங்கவிட்டு விற்கும் கடைக்காரர்தான் எளிதில் கண்ணில் படுகிறார். புகைப்படம் எடுக்கவும் நோட்டீஸ் அனுப்பவும் அவர் கடைக்கு முகவரி இருக்கிறது. ஊற்றை விட்டுவிட்டுக் குடத்தை உடைப்பதுபோல் இது இருக்கிறது. உரிமையாளர்கள் முதல் நோட்டீஸில் பணம் கேட்பதை விட்டு, சரக்கு வந்த வழியைக் கேட்கட்டும். நாமும் மனமுவந்து சொல்வோம். அப்படிச் சொல்வதற்கு நம் கையில் பில் இருக்க வேண்டும் என்பதும் உண்மை.

பெட்டியில் உள்ள எண்களின் குழப்பமும் தீர வேண்டும். பெயருக்கு மேல் வட்டத்துக்குள் "ஆர்" இருந்தால் அது டிரேட் மார்க். "ஆர்" எழுத்தும் கோடும் போட்டு எட்டு இலக்கம் இருந்தால் அது பி.ஐ.எஸ். பாதுகாப்புப் பதிவு. டிசைன் எண் இரண்டும் அல்லாத மூன்றாவது. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டால் கிராமத்துக் கடைக்காரருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? டிசைன் பதிவு எண்ணைத் தமிழிலும் ஒரு வரி எழுதித் தெளிவாகப் போடும்படி உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அரசின் இணையதளத்தில் எண்ணைக் கொண்டு பதிவைத் தேடிப் பார்க்க வசதி இருக்கிறது. விளக்குகள் 26-ஆவது வகுப்பில் வருகின்றன. அந்தத் தேடலைத் தமிழிலும் செய்து கொடுத்தால் நமக்குப் பேருதவியாக இருக்கும்.

உறுப்பினர்களுக்கு

மூன்று காரியங்களை உடனே செய்யும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் மாடல் பெயரும் உள்ள பில் இல்லாமல் ஒரு விளக்கும் வாங்க வேண்டாம். "இந்தப் பொருளின் டிசைன் பற்றி எந்த வழக்கு வந்தாலும் நாங்களே பொறுப்பு" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். நேர்மையான சப்ளையர் தயங்க மாட்டார். தயங்குகிறவரிடம் வாங்காமல் இருப்பதே லாபம்.

இரண்டாவது, விற்கும் முன் ஒரு விளக்கையாவது நம் கடை வாசலிலேயே ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டிப் பத்து நாள் பாருங்கள். குறுக்கே நடந்து பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரை மழைபோல் தெளித்துவிட்டு, உலர்ந்த பின் மெயினை அணைத்துத் திறந்து பாருங்கள். உளுந்தை நகத்தால் கிள்ளிப் பார்க்காமல் மூட்டை எடுப்போமா?

மூன்றாவது, நம் ஊர்களிலேயே பித்தளை, இரும்பு, தகர வேலை தெரிந்த பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். வாசல் விளக்குக்குப் புதிய கூண்டு செய்யும் கை அவர்களுக்கு உண்டு. 2021-இல் விதிகள் திருத்தப்பட்டபோது, டிசைன் பதிவுக்குத் தனிநபர் கட்டும் குறைந்த கட்டணத்தையே சிறு நிறுவனங்களும் கட்டினால் போதும் என்றாயிற்று. அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: கண்காட்சியில் வைத்து, படம் போட்டு, விற்றுவிட்டுப் பிறகு பதியலாம் என்றால் காலம் கடந்துவிடும். முதலில் விண்ணப்பம், பிறகே விற்பனை.

நண்பரின் கடையில் மீதி 15 விளக்குகள் பரணில் கிடக்கின்றன. அவர் வாசலில் இப்போது எரிவது முறையான பில்லுடன் வாங்கிய ஒரு சாதாரண இரட்டைத் தலை விளக்கு. அழகில் கொஞ்சம் குறைவுதான். ஆனால் இரவில் அவர் பூட்டு மாட்டக் குனியும்போது தவறாமல் எரிகிறது. கையெழுத்திட்ட அந்தத் தாளின் நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. பெயரை மறைத்து வைத்திருக்கிறோம். எப்படிப்பட்ட வாசகத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று அறிய விரும்பும் உறுப்பினர்கள் எந்த நாளும் வந்து பார்க்கலாம்.